ஏழாவது பந்தி

முன்பள்ளிக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கிறார்கள்
பதினொரு பேர்.
செவ்வாயும் வியாழனும், ஆறரையிலிருந்து எட்டு வரை.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யானை வெடி கேட்டால்
எட்டே கால்.

முத்தையன்கட்டுக்கு நான் வந்த புதிதில்
பயிற்சிகளை ஏஐயிடம்தான் கேட்டேன்.
வளர்ந்தவர்களுக்கு, இலகுவாக, பத்து வசனம்.
கண்மூடித் திறக்கமுன் தந்தது:
உனக்கு எத்தனை சகோதரர்கள்?
அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?
விடுமுறைக்கு எந்தக் கடற்கரைக்குப் போனாய்?

வசனத்தில் பிழையில்லை.
இந்த அறையில் அவற்றைக் கேட்க
எனக்குத்தான் வாயில்லை.
மூன்றையும் வெட்டினேன்.

யசிந்தாவுக்கென்று வேறொன்று கேட்டு வாங்கினேன்.
காட்டோர மணலில் முழங்காலில் நின்று
மிதிவெடி தேடுகிறவள் அவள்.
இஃப் த சவுண்ட் சேஞ்சஸ், ஐ வில் ஸ்டொப்.
பலகையில் எழுதினேன்.
"அந்த 'வில்' எதுக்கு ரீச்சர்?"
எதிர்காலம், என்றேன்.
"எதிர்காலம் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கேலாது.
சத்தம் மாறினா, நிக்கிறன். அவ்வளவுதான்."
அழித்தேன்.
அவள் சொன்னதுதான் சரியான இலக்கணம்.
எனக்கும் அதற்கும் அது தெரியும்,
இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

புனிதமலர் கடன் தாள் கொண்டுவந்தது
மழை தூறிய ஒரு வியாழன்.
ஐந்து பெண்கள் சேர்ந்த குழு, எண்பதாயிரம்,
முழுக்க ஆங்கிலம்.
திங்கள் காலை கையெழுத்து.
படம் எடுக்கமுன்
பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும்
உள்ளே மடிக்கச் சொன்னேன்.
"போனுக்கும் ஒளிக்கோணுமோ?" என்றார் வேதநாயகம்.
போனுக்குத்தான், என்றேன்.

சுருக்கமாகத் தமிழில் தா.
தந்தது. ஆறு குறிப்புகள்.
என்ன தமிழ்! கச்சேரிக் கடிதம்கூட
இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.
வகுப்பே தலையாட்டியது.
நானும் ஆட்டினேன்.

ஏபிசியில் 'கே' வரைக்கும்தான் வந்திருந்தாள் புனிதமலர்.
தாளை மடியில் விரித்து
பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.
"போனில எத்தனை ரீச்சர்?"
ஆறு.
"இதில ஏழு."
இரண்டைச் சேர்த்து ஒன்றாகச் சொல்லியிருக்கும், என்றேன்.
சொன்ன குரலில் எரிச்சல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
அவள் விரல் ஐந்தாம் பந்தியை விட்டு எழும்பவில்லை.
"அப்ப இது எங்க?"

அது எங்கேயும் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தோம்.
அகராதி ஒன்று, டோச் இரண்டு, பதினொரு தலை.
ஜொயின்ட்லி அண்ட் செவரலி.
மூன்று சொல்லுக்கு நாற்பது நிமிடம்.
சேர்ந்தும் தனித்தனியாகவும்.
விளங்காமல் நான் நின்றபோது
டிரக்டருக்கு லீசிங் எடுத்து நொந்த வேதநாயகம்தான்
பச்சைத் தமிழில் சொன்னார்:
"நாலு பேர் ஓடினா
நிண்டவள் முழுக்கக் கட்டோணும்."

அன்று எட்டே முக்கால் ஆனது.

வீட்டுக்கு வந்து அதனிடம் கேட்டேன்,
ஐந்தாம் பந்தியை ஏன் விட்டாய்?
மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டது.
மன்னிப்பில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.
குற்றம் சொல்ல எனக்கும் வழியில்லை:
தாள் என் கையில் இருந்தது,
எண்ண எனக்கும் தெரியும்.

இன்னமும் கேட்கிறேன், வசனங்கள், படங்கள்,
சந்தைக் கணக்குகள்.
வருகிறதை முதலில் வகுப்பிடம் கொடுத்து
பிழை பிடிக்கச் சொல்கிறேன்.
யசிந்தா சிவப்புப் பேனை வாங்கிவிட்டாள்.

செவ்வாய் புனிதமலர் வந்தாள்.
கையெழுத்துப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
வரவுக் கொப்பியில்
இதுவரை பெருவிரல் வைத்த கட்டத்தில்
பெயரை எழுதினாள், தமிழில், மெதுவாக.
எழுதிவிட்டு
பென்சில் முனையால் எண்ணினாள்.
ஆறு.
இன்னொருக்கால் எண்ணினாள்.
ஆறுதான்.