நாற்பது எழுத்து

சர்வர் இளகுவது விடியக்காலம் நாலு மணிக்கு.
எழுமலையில் அப்போது
பால் வண்டியும் நானும்தான் விழித்திருப்போம்.
எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, முப்பத்தேழு பேர்,
அரையாண்டு மதிப்பெண், இன்றே கடைசி நாள்.

எண்கள் சுலபம்.
பன்னிரண்டாம் பிள்ளையில் வட்டம் சுற்றத் தொடங்கினால்
முதல் பிள்ளையிலிருந்து மறுபடி.
லிங்கேசுக்கு அறிவியலில் மூன்று முறை அறுபத்தொன்று போட்டேன்.
மூன்று முறையும்
ஒரு மார்க் கூடப் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

எண்ணுக்குப் பக்கத்தில் கருத்துப் பெட்டி.
நாற்பது எழுத்து, அதற்கு மேல் ஏற்காது.
நான் எழுதினேன்:
பாண்டிமீனாவுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை
என்று சொல்ல முடியாது.
விரல்விட்டு எண்ணினேன்.
இடைவெளியோடு முப்பத்தாறு.
நாலு மிச்சம் என்று நிம்மதியாக அனுப்பினேன்.

பெட்டியின் கணக்கு வேறு என்று
அப்போது எனக்குத் தெரியாது.
பாண்டிமீனா நமக்கு ஐந்தெழுத்து,
அதற்குப் பத்து.
காலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று,
தலைமேல் இருக்கும் புள்ளிக்கும் ஒன்று,
மடிக்குழந்தைக்கும்
முழு டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் மாதிரி.

நாற்பது முடிந்த இடம் 'இல்லை'.

ஒச்சப்பன் குட்டியானை ஓட்டுகிறவர்.
கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது
போன் சிணுங்கியிருக்கிறது.
அவருக்குப் படிக்கத் தெரியாது.
வீடு வந்து
மகளிடம்தான் கொடுத்தார்: என்னன்னு பாரு.

அவள் விரல் வைத்து வாசித்தாளாம்.
பா, ண், டி, தன் பேர் முதலில்.
வா, சி, ப், பி, ல்.
நிறுத்தி, திரும்ப வந்து,
கடைசிவரைக்கும்.
ஒரு எழுத்துப் பிழையில்லை.

மறுநாள் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு
வகுப்பு வாசலில் நின்றார்.
"இல்லைன்னு போட்டிருக்கீகளே டீச்சர்,
ராத்திரி பத்து மணிவரைக்கும் எழுத்துக்கூட்டிக்கிட்டுக் கெடக்கா."
கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.
விளக்க வாயெடுத்தேன்.
புள்ளி, கொம்பு, பெட்டி...
எனக்கே அது
பொய் சொல்கிற பிள்ளையின் குரலாகக் கேட்டது.
பாண்டிமீனா மூன்றாம் பெஞ்சில்
புத்தகத்தை மூடி வைத்திருந்தாள்.

மதுரையில் பயிற்சிக் கூட்டம்.
டீ, இரண்டு மேரி பிஸ்கட், குளிரூட்டி சத்தம்.
குறைகள் இருந்தால் சொல்லலாம் என்றார்கள்.
ஆளாளுக்குச் சர்வரைத் திட்டினார்கள், நானும்தான்.
பிறகு எழுந்து
கரும்பலகை இல்லாததால் காற்றிலேயே எழுதிக் காட்டினேன்:
நம்ம பேச்சில் வினை கடைசியில் வருகிறது சார்.
வாலை நறுக்கினால் மாடு திரும்பி நிற்கும்.
பாதியில் வெட்டுவதென்றால்
அனுப்பவே அனுப்பாதீர்கள்.
கரண்டு போனால் போட்டதைக் காப்பாற்றுங்கள்.
அனுப்புவதற்கு முன்
அந்த வீட்டில் என்ன தெரியும் என்று
எனக்கு ஒருதரம் காட்டுங்கள்.

மேடையில் தலையாட்டினார்கள்.
ஓரத்தில் லேப்டாப்போடு இருந்த ரிஸ்வானா என்ற பெண் மட்டும்
"அந்த வரியை அப்படியே சொல்லுங்க மேடம்" என்று
கேட்டு அடித்தாள்.
திரையில் இல்லை வரைக்கும் வந்து நின்றது.
அவள் உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன்.

ஆண்டுத் தேர்வுக்குப் பெட்டி பெரிதாகியிருந்தது.
இருநூறு எழுத்து, நம் கணக்கிலேயே.
கீழே ஒரு நீல வரி: பெற்றோருக்கு இப்படித் தெரியும்.
சர்வர் மட்டும் பழையபடி நாலு மணிக்குத்தான்.

பாண்டிமீனாவின் பேர் வந்தது.
தாராளமாக இடம்.
ஆனாலும் கை பழகிவிட்டது, பயந்து பழகிவிட்டது.
முதலில் 'உண்டு' என்று எழுதினேன்.
எழுதிவிட்டு,
அவளிடம் என்னவெல்லாம் என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
பால் வண்டி போய்விட்டது.