மெட்

குக்ஸ்ஹாஃபென் துறைமுகம். ஐந்தே கால்.
விப்கெ அரைக்கும் எந்திரத்தை நிறுத்துகிறாள்.
பச்சைப் பன்றி இறைச்சி, உப்பு, மிளகு;
பிளந்த ரொட்டி மேல் விரல் கனத்துக்கு.
பெயர் மெட்.
அன்று அரைத்ததை அன்றே விற்க வேண்டும், சட்டம்.
மிஞ்சினால் குப்பை.

தராசுக்கு மேல் கிழிக்கிற நாட்காட்டி,
நாளுக்கொரு பழஞ்சொல்.
இன்றைய தாளில் அவள் விற்கிற சரக்கே:

மெட் என்றால் முதலில் இறைச்சியே இல்லையாம்.
வெறும் சாப்பாடு.
கஞ்சியோ, பாலாடையோ, அன்று கிடைத்தது எதுவோ.
ஊண் என்று இருந்தது
வாய் மாறி வாய் மாறி
ஊன் என்று ஆகிவிட்டது.
(தமிழில் எழுதினால்
ஒரு சுழிதான் குறைகிறது.)

ஆயிரம் வருடம் தாங்கிய சொல்லை
ஒரு ராத்திரி தாங்காத பண்டத்துக்கு
வைத்திருக்கிறார்கள்.

தாளின் பின்புறத்திலும் இருந்தது:
கத்தியை மெஸ்ஸர் என்கிறோமே,
அதன் முன்பாதி மெட்டுக்கு உறவு, பின்பாதி வாள்.
சாப்பாட்டு வாள்.
கப்பலில் கூட உழைப்பவன் மாட்.
அவனும் அதே வேர்தான்:
கூட உண்பவன்.

விப்கெ தாளைக் கசக்கப் போனாள்,
பிறகு மடித்து
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்து மணி. தட்டில் ஒரு ரொட்டிக்கான மெட்.
ஹின்னெர்க் வருகிறான், ஜன்னலோர மேசைக்கு.
பின்னாலேயே ஓக்கெ, கதவோரம்.
ஒரே இழுவைப் படகில் பதினொரு வருடம்.
மார்ச் வேலைநிறுத்தத்தில்
ஓக்கெ மட்டும் இரவு ஷிஃப்டுக்குப் போனான்.
மனைவிக்கு ஆறாம் மாதம், வாடகை பாக்கி.
யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து ஹின்னெர்க் அவனைப்
பெயர் சொல்லி அழைப்பதில்லை.
"அது" என்கிறான்.

இருவரும் விரல் உயர்த்துகிறார்கள்.
விப்கெ இருப்பதை வழித்து ரொட்டியில் தடவி
நடுவில் அழுத்தி வெட்டுகிறாள்.
சமமாக வரவில்லை.
நடு மேசையில் வைக்கிறாள்.
"கழுவின தட்டு இது ஒண்ணுதான்."
அவள் முதுகுக்குப் பின்னால்
பதினான்கு தட்டுகள் வெள்ளையாய்ப் பளபளக்கின்றன.

கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது.
பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்,
பிறகு இன்னொன்று.
பெரிய பாதியை யார் எடுத்தது என்று
அவள் பார்க்கவில்லை.

"அதுகிட்ட வெங்காயம் இருக்கான்னு கேளு"
என்கிறான் ஹின்னெர்க், அவளிடம்.

அவள் கேட்கவில்லை.
கிண்ணம் மேசையில் ஒரு சாண் நகர்ந்தது.

பத்தரை ஆகப்போகிறது.
எந்திரத்தைக் கழற்றிக்
கொதிநீரில் போட வேண்டும்.