ரன்

டுலூத் நகரத்தின் ஏரிச்சரிவில்
ஆர்லிஸ் ஹவ்கன் ஒரு சலவைக்கடையை ஓட்டுகிறாள்.
வண்டியை ஓட்டுவதுபோல.
நம்மிடம் கடை நடக்கும்,
அவர்களிடம் ஓடும்.

ஆர்லிஸின் இடது முட்டியில் எஃகு.
அவள் ஓடிப் பதினாறு வருஷம் இருக்கும்.
ஆனால் ஷட்டர் ஏறியதிலிருந்து
அந்த ஒரு சொல்லுக்கு ஓய்வு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் பஸ் கிடையாது என்றால், ரன்.
சில்லறை தீர்ந்துபோனால், ரன்.
எவனோ விட்டுப்போன சிவப்பு சாக்ஸ் ஒன்று
திருமதி லிண்ட்குவிஸ்டின் வெள்ளைப் படுக்கைவிரிப்பு நான்கையும்
பன்றிக்குட்டி நிறமாக்கியதே,
அந்தச் சாயமும் ரன்.
மூக்கு வழிந்தால், காலுறையில் இழை பிரிந்தால்,
காய்ச்சல் அடித்தால்,
பழைய சிநேகிதியைத் தெருவில் எதேச்சையாகப் பார்த்தால்.
எதிர்வீட்டு டுவேன் பள்ளிக் குழுத் தேர்தலில் நிற்கிறான்.
நாம்தான் நிற்கிறோம்,
அவன் ஓடுகிறான்,
தொப்பையோடு, வீடு வீடாக, பனியில்.

இத்தனை வேலைக்கும் ஒரே சம்பளம் அந்தச் சொல்லுக்கு.
தமிழில் ஆள் பிரித்து வைத்திருக்கிறோம்:
வழிய ஒன்று, தீர ஒன்று, நிற்க ஒன்று.

வெர்லினுக்கு நாற்பத்திரண்டில் கை நடுங்க ஆரம்பித்தது.
முதலில் காபி. பிறகு சட்டைப் பொத்தான்.
அவன் அப்பாவுக்கும் அதே வயதில்தான்.
அந்த ஊசி, அந்த வார்டு, அந்த வசந்தகாலம் எதையும்
ஆர்லிஸ் பேசுவதில்லை.

மகள் பிரிட்டாவுக்குப் பத்தொன்பது.
நேற்று ஒரு துண்டை மடிக்கும்போது
அது கையிலிருந்து விழுந்தது.
எடுத்தாள். மறுபடி விழுந்தது.
துண்டுதான், யாருக்கும் விழும்.

இன்று கடை மூடும் நேரம்
தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
'டஸ் இட் ரன், மாம்?'

குடும்பத்தில் என்ற மீதிப் பாதியை
அவள் சொல்லவில்லை.

ஆர்லிஸ் நிமிராமல் சொன்னாள்:
'மூணாம் நம்பர் ஓடுது.
ஆறாம் நம்பர்தான் தகராறு.'

தமிழில் இப்படித் தப்பித்திருக்க முடியாது
என்று எழுதப் பார்த்தேன். பொய்.
நம்மிடமும் மெஷின் ஓடும்,
ரத்தத்தில் ஓடும்.

பிரிட்டா ஆறாம் நம்பரிடம் போனாள்.
நாலு காசு போட்டாள்.
ஒன்று திரும்பி வந்தது, மறுபடி போட்டாள்.
முனகியது. நின்றது. பிறகு
உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு
ஓட ஆரம்பித்தது.

இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து
நின்றுகொண்டிருந்தாள்,
தண்ணீர் வடியும்வரை.
எடுக்கவேயில்லை.