ஏலும்

ஹட்டன் நீதிமன்றத்தில் என் கதிரை
சாட்சிக் கூண்டுக்கு ஓரடி தள்ளி.
ஒரு மொழியில் வருவதை மற்ற மொழியில் வைப்பேன்.
கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.
பதினொரு வருடமாய் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று கூண்டில் சந்தனமேரி.
சம்பள நாளில், ஸ்டோர் வளைவில்,
கவ்வாத்துக் கத்தியோடு வந்தவனிடம்
பையை விடாமல் பிடித்த கை
கம்பியின்மேல் கிடக்கிறது,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி.

குற்றம் போன தவணையிலேயே ஒப்புவிக்கப்பட்டது.
இன்று நட்டஈடு மட்டும்.
அறிக்கை சொல்கிறது: வலது கை, மூன்று விரல், நரம்பு,
நிரந்தரம், பகுதி, பதினெட்டு வீதம்.

எதில் பதினெட்டு வீதம்?
அந்தச் சொல்லுக்கு என்னிடம் மூன்று தமிழ் உண்டு.
ஊனம் என்றால் அவள் முகம் சுருங்கிவிடும்.
வலுவிழப்பு என்றால் வானொலியில் தாழமுக்கம்.
ஏலாமை என்றேன்.
அவளுக்கு விளங்கிவிட்டது.
வினை அங்கேதான் தொடங்கியது.

எதிரியின் சட்டத்தரணி மரியாதையாய்க் கேட்டார்:
அந்தக் கையால் தேத்தண்ணிக் கோப்பை தூக்க ஏலுமா?
ஏலும்.
பிள்ளைக்குத் தலைவார?
ஏலுங்க ஐயா.
சட்டைக்குப் பொத்தான் போட?
ஏலும்.

புளுவன், என்றேன்.
புளுவன். புளுவன்.
தட்டச்சுக்காரியின் விசைகளில்
அவள் விரல்கள் ஒவ்வொன்றாய்க் குணமாகின.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை.
எத்தனை கோப்பை உடைந்தது என்றும்.
பெரட்டுக் களத்தில் ஏலாது என்றவளுக்கு
அன்றைக்கு வேலை இல்லை;
இருபத்தாறு வருடம் அப்படிப் பழகிய வாய்.
கேட்கப்படாத கேள்வியை மொழிபெயர்க்க
எனக்கு அதிகாரம் இல்லை.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.
மலைக்குப் போகிறீர்களா?
போன மாசம் இருபத்தொரு நாள் போனேங்க.
இருபத்தொண்ணும் அரைப்பேர்.

அரைப்பேர்.
உள்ளபடியே வைத்தேன்: பாதிப் பெயர்.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
நீதவான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.
அதன் கருத்து என்ன?

பதினொரு வருடத்தில்
அந்தக் கேள்வி என்னிடம் வந்தது அன்றுதான்.
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
விடிந்து இருட்டும்வரை மலையில் நின்றாலும்
கொழுந்து நிறைக்கு வராவிட்டால், கனம் நீதவானே,
செக்ரோலில் ஆள் பாதிதான்.

அவர் எதையோ எழுதினார்.
பிறகு அடித்தார். பிறகு எழுதினார்.
கட்டளை அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி.
அவள் இடது பெருவிரலை மையில் தோய்த்தாள்.

வெளியே மல்லியப்பு மலையிலிருந்து மழை இறங்கிவிட்டது.
நான் சரியாச் சொன்னேனா ஐயா, என்றாள்.
எந்த மொழியிலும் பதில் வரவில்லை.
அவள் குடையை விரிக்கப் பார்த்தாள்;
அழுத்துகிற இடத்தில் விரல் வழுக்கியது.
கை நீட்டினேன்.

ஏலும், என்றாள்.
பஸ் வந்தது.
மூடிய குடையோடு, நனைந்தபடி ஏறினாள்.