புள்ளி ஆறு எட்டு

புளியறைச் செக்போஸ்டில் காலையிலிருந்து நிற்கிறது
குஞ்ஞுமோனின் தடிலாரி.
பாஸில் ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போச்சாம்.

அறுக்கத் தடியில்லை. ஆனாலும் ரம்பம் ஓடுகிறது.
நிறுத்தினால் திரும்ப மக்கர் பண்ணும் என்று
மசூது ராவுத்தர் சுவிட்சைத் தொட விடமாட்டார்.
இருபது எச்.பி. மோட்டார்
சாரல் காற்றை அறுத்துக்கொண்டிருக்கிறது.

கரன்ட் பில்லை நீட்டினார்.
பவர் ஃபேக்டர் புள்ளி ஆறு எட்டு.
அபராதம் நாலாயிரத்து நூற்றிப் பத்து.
"யாரும்மா திருடுதான்?"

யாரும் திருடவில்லை.
மின்னழுத்தம் முன்னால் கிளம்பிவிடுகிறது,
மின்னோட்டம் செருப்பைத் தேடிவிட்டுப் பின்னால் வருகிறது.
இரண்டும் ஒன்றாய் இழுக்கிற அளவுக்குத்தான்
பல் மரத்தில் இறங்கும்.
மீதி மோட்டாருக்குள் போய்,
காந்தமாய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு,
வந்த கம்பியிலேயே திரும்பிப் போகிறது
நொடிக்கு நூறு தடவை,
ஒரு சிட்டிகை மரத்தூள் உதிர்க்காமல்.

"போய்ட்டு வந்ததுக்குமா காசு?"

தடியை இறக்கிவிட்டுப் புனலூருக்கு
வெறுசாத் திரும்புற லாரி
டீசல் குடிக்காமலா போவுது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பில்லின் ஓரத்தில் பென்சிலால் எதையோ பெருக்கினார்,
பாதியில் நிறுத்தி மடித்துவைத்தார்.

சனிக்கிழமை கெப்பாசிட்டர் மாட்டினேன்,
டிபன் கேரியர் உயரத்தில் மூன்று.
மோட்டார் கேட்கிற காந்தக் கடனை
இது பக்கத்திலேயே கொடுத்து வாங்கிக்கொள்ளும்.
செங்கோட்டை சப்ஸ்டேஷன் வரை
ஆள் அனுப்பவேண்டாம்.

மீட்டரில் புள்ளி ஒன்பது ஆறு.
போஸ்டிலிருந்து வரும் கேபிளின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் கழுத்து மாதிரி இருந்தது.

ராவுத்தர் காதைத் தீட்டிக் கேட்டார்.
"ரம்பம் அதே வேகத்துலதான ஓடுது?"
அதே வேகம்தான்.
"அப்ப எதும்மா மாறிச்சு?"
ரோட்டுல கூட்டம் கொறஞ்சிருக்கு பாய்.

ராத்திரி மோட்டாரை அணைத்தால் இதையும் அணைக்கணும்;
இல்லையென்றால் மின்னோட்டம் முந்திக்கொண்டு ஓடும்,
அதுவும் தப்பு.
கரன்ட் போன உடனே பெட்டியைத் தொடவேண்டாம்;
வாங்கினதை அது அவ்வளவு சீக்கிரம் மறக்காது.
இப்படி வரிசையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தபோது
போன் வந்தது. குஞ்ஞுமோன்.
இன்றைக்கும் புளியறையில்தான்.
இந்தத் தடவை சீல் தெளிவாயில்லை.

ராவுத்தர் மூன்று பெட்டிகளையும் பார்த்தார்,
பிறகு என்னை.

செக்போஸ்டுக்கு மாட்ட
எங்கிட்ட எதுவும் இல்ல பாய்.
நீங்க சுவிட்சை அணைங்க.

அணைத்தார்.
ரம்பம் நிற்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது.