நான்காம் பத்தியின் கரை

நகராட்சியின் வெள்ள அறிக்கை,
பதினோரு பக்கம், ஒரு படம்கூட இல்லை.
அதைத்தான் ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்தேன்,
திரையில், எல்லோருக்கும் ஒரே பிரதி:
கோடு போடுங்கள், ஓரத்தில் எழுதுங்கள்.

முதல் நாள் எங்கு பார்த்தாலும் மஞ்சள்.
சுல்மா தலைப்பையே மஞ்சளில் முக்கியெடுத்தாள்.
ஒருவன் ஒரு காற்புள்ளிக்கு மட்டும் வண்ணமடித்து
"இது இங்கே என்ன செய்கிறது?" என்றான்.
அதன் கீழே பதினான்கு பதில்கள்.
வெள்ளத்துக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் இணையச் சுட்டிகள் சேர்த்தோம்,
வகுப்புக்கென்று ஒரு பொது அலமாரி,
ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஒட்டுச்சொல்.
மய்தே சேர்த்த இருபத்தொன்றுக்கும்
ஒரே சொல்தான்: பிறகு.
ரொசெந்தோ, அணை தினமும் திறந்துவிடும் நீரின் கணக்கை
"அப்பா வேலை" என்று ஒட்டி வைத்திருந்தான்.
படகுக்காரன் மகன்.
அந்தப் பெயரில் யார் தேடுவார்கள் என்றேன்.
"அணை" என்று மாற்றினான், முகம் கொடுக்காமல்.

யமந்தூ எதுவும் எழுதவில்லை.
கல்வி ஆய்வாளர் எச்செவெரி வந்து
தலைக்கு எத்தனை குறிப்பு என்று கேட்டார்.
பேனாவால் சுழியம் போட்டேன்.
மாத்தேயை உறிஞ்சியபடி
அந்தச் சுழியத்தின் மேலேயே விரலை வைத்திருந்தார்.

அக்டோபரில் மழை பெய்தது பிரேசிலில்.
சால்ட்டோவின் வானம் துடைத்து வைத்த தட்டு.
ஆறு மட்டும் வெயிலில் பழுப்பேறிப் பருத்தது,
யாரோ செய்ததற்கு யாரோ வீங்குவது போல.
துறைமுக அளவுகோலில் பதினொன்று. பதினொன்றரை.
உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டில்கள் வந்தன.
வகுப்பு நின்றது.

அன்றிரவு ஒன்று நாற்பதுக்கு
நான்காம் பத்தி அசைந்தது.
"பன்னிரண்டு மீட்டரில் தாழ்நிலப் பகுதிகள் பாதிப்படையும்."
அதில் "தாழ்நிலப் பகுதிகள்" மேல் மட்டும் மெல்லிய கோடு.
யமந்தூ:
எங்கள் தெரு.
பதினொன்று எண்பதிலேயே சமையலறை.
பன்னிரண்டில் கோழிகள் மேசைமேல்.
அறிக்கை இருபது சென்டிமீட்டர் தாமதம்.

விடிவதற்குள் கீழே கீழே வந்தார்கள்.
சுல்மா வீட்டு வாசல், பன்னிரண்டு முப்பது.
மய்தே வீட்டு மூன்றாம் படி, பன்னிரண்டு அறுபது.
மகனின் கணக்கில் நுழைந்து ஒரு பெண்:
"இவன் அம்மா எழுதுகிறேன். பதின்மூன்றில் ஃப்ரிட்ஜ் மிதக்கும்,
கதவைக் கயிற்றால் கட்டுங்கள்."
காற்புள்ளிக்காரன்கூட வந்தான். ஓர் எண் மட்டும் எழுதினான்.
ஓரம்தான் கரைபுரண்டது.
நடுவே அந்தப் பத்தி
நான்கு வரித் தீவாக நின்றது.

என் வீடு மேட்டில்.
மூன்று முறை எழுதினேன், மூன்று முறை அழித்தேன்.
கடைசியில்:
என்னிடம் எண் எதுவும் இல்லை. இரண்டு அறை காலி.

மறுநாள் யமந்தூ வந்தான்,
அவன் தம்பி, அம்மா, ஐந்து கோழிகள்.
ஒன்பது நாள் இருந்தார்கள்.
அவன் பேசியது மொத்தம் ஆறேழு வாக்கியம்,
அதில் இரண்டு கோழிகளிடம்.
இரவில் அணையின் கணக்கைத் தேடினோம்.
"அணை" என்றால் நாற்பது சுட்டிகள் வந்து விழுந்தன.
ரொசெந்தோவிடம் கேட்டு, பழைய பெயரையே
நானே திரும்ப ஒட்டினேன்.

நீர் வடிந்தது. சேறு இருந்தது.
நகராட்சி அறிக்கையைத் திருத்தி வெளியிட்டது.
காற்புள்ளியை எடுத்துவிட்டார்கள்.
பன்னிரண்டு மீட்டர் அப்படியே.
பத்திகளை இடம் மாற்றியிருந்ததில்
எங்கள் குறிப்புகள் பிடி நழுவி
ஒரு மூலையில் குவிந்து கிடந்தன:
"இவை ஒட்டியிருந்த வரியைக் காணவில்லை. நாற்பத்தாறு."

திங்கட்கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை.
கணினிகளைத் திறந்தார்கள்.
நான்காம் பத்தி இப்போது ஆறாவது.
அங்கே, முதலில், ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

படிவத்தில் அந்தச் சுழியம் இன்னும் இருக்கிறது.
பேனாவில் போட்டது.