கூடு

அந்த மன்றத்தில் கட்சிக்கென்று ஒரு பக்கம் கிடையாது.
கூட்டத்தொடர் தொடங்கும் நாளில்
பெட்டிக்குள் கைவிட்டு எண் எடுப்பார்கள்.
எண் எதுவோ அதுவே இருக்கை.
சோல்ரூனுக்கு விழுந்தது ஜன்னலோரம்,
ஆஸ்க்ரிமூருக்குப் பக்கத்தில்:
ஐந்து வருடமாக
அவள் பேச எழும்போதெல்லாம்
மூக்குக்கண்ணாடி துடைக்கிற எதிர்க்கட்சிக்காரர்.

ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம்.
வடக்குத் துறைமுகத்தில் நேச நாட்டுக் கப்பல்கள்
எண்ணெய் நிரப்பிக்கொள்ளலாம்.
ஒன்பதாம் பிரிவின்படி
அணு ஆயுதம் ஒன்றும் கூடவே வரலாகாது.
போன வசந்தத்தில் அந்தப் பிரிவை எழுதியது அவள்தான்,
குழுத் தலைவியாக, மூன்று இரவு,
ஒரு காற்புள்ளிக்காகத்
தூதர் எதிரே மீன் சூப்பு ஆறிப் படர்கிறவரை வாதாடி.

அப்போது அவர்கள் ஆளுங்கட்சி.

இலையுதிர் காலத்தில் ஆட்சி போயிற்று.
ஒப்பந்தம் போகவில்லை.
அதே இருபத்திரண்டு பக்கம், அதே காற்புள்ளி.
மேலட்டையில் மட்டும் வேறு அமைச்சர்.

ஜூன் மாதம். காலை எட்டேகாலுக்குக்
கொறடாவின் குறுஞ்செய்தி:
எல்லோரும் இல்லை.
'இல்லை' என்று வாக்களிக்கச் சொல்கிறார்.
அவள் கண்ணுக்கு முதலில்
எல்லோருமல்ல, சிலர் மட்டும் என்று பட்டது.
மறுபடி படித்தாள்.

மன்றத்தை ஒட்டிய குளத்தில்
ஆலாக்கள் குஞ்சு பொரித்திருந்தன.
குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள்;
எது உயரமோ அதைத்தான் அவை கொத்தும்.
கட்சி என்ற சொல்லுக்குப்
பறவைக்கூடு என்றும் ஒரு பொருள் இருந்தது
நம் பழைய தமிழில்.
ஆலாக்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

கொறடா தோர்கில்ஸ் கெட்டவர் அல்ல.
அவள் தோற்ற முதல் தேர்தலில்
அச்சகக் கடனை அடைத்தவர்.
"மனசாட்சி உனக்கு ஒன்று.
நான் பதினேழைக் கட்டி மேய்க்கிறேன்.
போகிறவர்கள் எல்லோரும் போகும்போது
நாட்டையும் கையோடு எடுத்துப்போகிறார்கள், சோல்ரூன்.
மிச்சமிருக்கிற நாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம்?"
அப்புறம், கொஞ்சம் தாழ்ந்த குரலில்:
"உன் தொகுதித் துறைமுகத்தில் நாற்பது பேருக்கு வேலை.
அதற்கும் நாடு என்றுதானே பேர் வைப்பாய்?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை.
இன்று வரை இல்லை.

பெயர் கூப்பிட்டு வாக்கு. அகரவரிசை.
அவள் ஐம்பத்தேழாவது.
அதற்குள் முப்பத்தைந்து 'ஆம்' விழுந்துவிட்டது.
அவள் இல்லையென்றால் ஒன்றும் கெடாது,
ஆமென்றால் ஒன்றும் விளையாது.
மூன்றாவதாக ஒன்றும் உண்டு, வாக்களிக்கவில்லை என்பது;
அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
உப்பில்லாமல் இருந்தது.

"ஆம்."

விளக்கம் சொல்ல ஒரு நிமிடம் தருவார்கள்.
அவள் எட்டு விநாடி எடுத்தாள்.
"ஒன்பதாம் பிரிவு என் எழுத்து.
எழுதத் தெரிந்தவள் நான்,
இன்றைக்கு வந்து எப்படிக் கைநாட்டு வைக்க?"

ஆஸ்க்ரிமூர் கண்ணாடி துடைக்கவில்லை.
தன் தண்ணீர்க் கோப்பையை
அவள் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தார்.
அன்று நடந்ததிலேயே
அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அறுபத்தோராவது பெயர் தோர்கில்ஸ்.
எழுந்தார். கனைத்துக்கொண்டார்.
குழுவில் அந்தப் பிரிவை இரண்டு முறை வாசித்து
இதைவிட நன்றாக எழுத முடியாது என்றவர்.
"இல்லை."

இரவு பத்து மணி, வெயில் இன்னும் விழவில்லை.
குடையை உள்ளேயே மறந்துவிட்டிருந்தாள்.
குளக்கரையில் எட்டடி முன்னால் அவர்,
அவளைவிட ஒரு சாண் உயரம்.
ஆலா இறங்கியது.
வழுக்கையில் சிவப்பாய் ஒரு புள்ளி,
பிறகு ஒரு கோடு.

ஓடிப்போய்க் கைக்குட்டையை நீட்டினாள்.
முகம் பார்க்காமல் வாங்கி
அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
"நாளைக்கு ஒன்பது மணிக்குக் கட்சிக் கூட்டம்," என்றார்.
கொஞ்ச தூரம் நடந்தார்கள்.
"நீ வரவேண்டாம்."